ஷரீஃப் அண்ணன் கொண்டுவந்த வைன்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் ஜேசுதாஸ் சபைக் கமிட்டியில் இருக்கிறார். நான் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறேன். மதுவிலக்குக் கூட்டம் என்றால் முன்வரிசை நாற்காலி எங்களுக்குத்தான். ஆனால் வைன் வேறு. மற்ற ஊர்க்காரர்கள் ஒயின் என்பார்கள், எங்களுக்கு அது வைன்தான். கறுப்புத் திராட்சையையும் சீனியையும் பீங்கான் பரணியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்து, கேக் துண்டோடு சின்ன கிளாசில் கொடுப்பது குடி கணக்கில் வராது. ஏன் வராது என்று என்னிடம் கேட்கக் கூடாது. வராது, அவ்வளவுதான்.

கருங்கல் பக்கத்தில் ரெஜிலா வீட்டு வைன் என்றால் ஒரு பெயர் இருந்தது. கேக்குக்கும் இருந்தது. கிறிஸ்துமஸ் மாதம் பிறந்தால் ஆர்டர் எடுக்கவே எனக்கு நேரம் காணாது. கேக் வெந்துவிட்டதா என்று குச்சியை விட்டுக் குத்திப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அடுப்படியில் வேறு வேலையாக நிற்கும்போதே மணம் வந்து என்னைக் கூப்பிட்டுவிடும். நான் போய் இறக்குவேன்.

அதெல்லாம் கொரோனாவுக்கு முன்னால். எனக்குக் காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. தெருவில் எல்லோருக்கும் மணம் திரும்பி வந்தது. என் மாமியாரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நாக்கில் உப்பும் புளியும் எரிவும் இனிப்பும் மட்டும் மிச்சம். அயிலை மீன் குழம்பை வாயில் வைத்தால் புளித் தண்ணீரில் ஊறின அட்டையைச் சவைக்கிறதுபோல இருந்தது. ஒரு நாள் கேஸ் அடுப்பைச் சரியாகத் திருகாமல் விட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து சன்னலை எல்லாம் திறந்து போட்டார். அன்றைக்குப் பிறகு நான் அடுப்பைப் பற்றவைத்தால் பின்னாலேயே வந்து நின்று மூக்கை உறிஞ்சுவார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடமும் வீம்புக்கு வைன் போட்டேன். நாக்கில் கொஞ்சம் புளித்தது. புது வைன் புளிக்கத்தானே செய்யும் என்று நினைத்துவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று போதகர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அம்மா" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவருடைய சின்ன மகள் மட்டும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இது ஊறுகாய் வெள்ளம்" என்றாள். குழந்தை பொய் சொல்லவில்லை. பரணி முழுக்கக் காடி.

அந்தப் பரணியைக் கழுவி மச்சில் ஏற்றினேன். கேக் ஆர்டரையும் நிறுத்தினேன். கேட்டவர்களிடம் முட்டுவலி என்று சொன்னேன்.

இவருக்குக் கருங்கல் சந்தைப் பக்கம் ரப்பர் கடை. ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். ஒட்டுப்பால் என்பது மரத்துக் கீறலிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் மிச்சப் பால். அதன் நாற்றத்தை அறியாதவர்கள் பாக்கியவான்கள். மூட்டையைத் தொட்ட சட்டை மூன்று வெளுப்புக்கும் அசையாது. கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலமானால் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரே பாட்டுத்தான்.

"அங்கயே நில்லுங்க. நாறுது. குளிச்சிட்டு உள்ள வாங்க."

"இந்த நாத்தத்துலதான் உனக்க கழுத்துல கிடக்கிய பவுன் மாலை வந்தது" என்று முனகிக்கொண்டே பின்பக்கம் போவார்.

மூக்கு போன பிறகு நான் எதற்குச் சொல்லப்போகிறேன்? முதலில் கொஞ்ச நாள், கேட்டைத் திறந்து உள்ளே வந்து, பழக்கத்தில் முற்றத்தில் சற்று நின்று என்னைப் பார்ப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் தானாகவே போய்க் குளித்துவிட்டு வருவார்.

நாகர்கோவில் மூக்கு டாக்டர் நான்கு மணங்களைச் சொல்லி, காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். நான் மறந்தாலும் இவர் மறக்க மாட்டார். குப்பியை என் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "வல்லதும் வருதா?" என்பார். "ஒண்ணும் வரல்ல" என்பேன். இப்படியே மூன்று வருடம். இடையில் இவராகவே குளச்சலிலிருந்து கருவாடு, தோவாளையிலிருந்து பிச்சிப்பூ என்று கொண்டுவந்து நீட்டினார். ஒரு நாள் எனக்கு வந்த கோபத்தில் கிராம்புக் குப்பியைத் தென்னந்தோப்புக்குள் எறிந்தேன். இவர் போய்த் தேடி எடுத்துவந்து கழுவி வைத்தார்.

டாக்டர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். முன்னால் மனசுக்கு ரொம்பப் பழகின மணம் எதுவோ அதைக் காட்டிப் பாருங்கள் என்று. இவருக்கு வைன் ஞாபகம் வந்திருக்கிறது. என்னைப் போடச் சொன்னால் அடிக்க வருவேன். கடையில் போய் வாங்கலாமென்றால் கமிட்டிக்காரர் அந்த வரிசையில் நிற்க முடியாது. அதனால் ஷரீஃப் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்.

முஹம்மது ஷரீஃபுக்குத் தேங்காப்பட்டணம். இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஷார்ஜாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர், ஐந்து வேளை தொழுகிறவர். போன ஐப்பசியில், நல்ல மழை நேரம், லீவில் வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டைப் பை. மேலே பேரீச்சம்பழம், அதற்குக் கீழே பால்பொடி, அதற்கும் கீழே ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றிய பெட்டி.

"தங்கச்சி, இதப் பிடி. நான் தொட்டேன்னு எனக்க வீட்டுல மைமூனுக்குத் தெரியண்டாம்" என்றார்.

"என்னது அண்ணே?"

"வைனு. ஸ்வீட் வைனு. உனக்க மூக்குக்கு. இவன் போன்ல கரஞ்சான் பிள்ளே. நான் என்ன செய்ய?"

கரைவது என்றால் எங்கள் ஊரில் அழுவது. என் முன்னால் இவர் ஒரு நாளும் அழுததில்லை. இவருடைய அம்மா செத்த அன்றுகூடப் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இவர் குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏர்போர்ட்டுல டியூட்டி ஃப்ரீல ஒரு பொண்ணு நிக்கா" என்று ஷரீஃப் அண்ணன் சொன்னார். "வைன்னு கேட்டா அலமாரி அலமாரியா காட்டுகா. நான் எதக் கண்டேன்? ஸ்வீட்டா வேணும், சர்ச்சு ஆளுக்குன்னு சொன்னேன். அவ ஒரு மாதிரி பாத்தா. பெறவு நானே தேடுனேன். இதுலதான் ஸ்வீட் வைன்னு பெரிசா எழுதியிருந்து."

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தார். "ஸ்வீட் வைன் காஸ்க் பினிஷ். மக்கா, பினிஷ்னா என்னது?"

"பினிஷ்னா தீந்து போச்சு. எங்க கடையில சாமான் தீந்தா அப்பிடித்தான் சொல்லுவோம். கடைசி ஸ்டாக்கு போல. அதான் வெலயும் கூடுதல்."

இவர் தலையாட்டினார். நானும் அதை நம்பினேன். சாயா போடட்டுமா என்று கேட்டதற்கு, மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தார். போகும்முன் முற்றத்துக் குழாயில் முழங்கை வரைக்கும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு சிநேகிதனின் பெண்டாட்டி மூக்குக்காக அந்த மனுஷன் தொடாததைத் தொட்டு, கடல் தாண்டிச் சுமந்து வந்திருக்கிறார். அன்றைக்கு நான் ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. மழையில் வழுக்கும், பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் கிளாஸ்களை இவரே எடுத்துத் துடைத்தார். வைன் ஊற்றுகிற அளவுக்கே முக்கால் கிளாஸ் ஊற்றினார். நிறம் தேன் நிறமாக இருந்தது. வெள்ளைத் திராட்சை வைனாக இருக்கும் என்றார். எதையும் ஜெபம் பண்ணாமல் வாயில் வைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பானத்த ஆசீர்வதியும். எனக்க ரெஜிக்க மூக்கத் திருப்பித் தாரும். ஆமென்" என்றார். நானும் ஆமென் சொல்லிவிட்டு, வைனைக் குடிக்கிறதுபோலவே ஒரு வாய் நிறையக் குடித்தேன்.

தீ. தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் கோடு போட்டதுபோல எரிந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. இவரும் ஒரு வாய் குடித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"ஏட்டி, இது வைனில்ல."

"பின்ன என்னது?"

பெட்டியை விளக்குக்கு நேரே பிடித்து, சின்ன எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "விஸ்கி" என்றார். "நான் விஸ்கிக்கு ஜெபம் பண்ணியிருக்கேன்."

எனக்கு அந்த எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை. குப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் போனார். இந்தச் சவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயிலுக்குப் போக என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திருகினார்.

அந்த நேரத்தில்தான் எரிவு கொஞ்சம் அடங்கி, நான் மூச்சை வெளியே விட்டேன். மூக்கின் உள்ளே, ரொம்பப் பின்னால், ஏதோ ஒன்று அசைந்தது. அது மணம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள்ளே யாரோ நடந்ததுபோல இருந்தது.

"நில்லுங்க" என்றேன். "கொட்டாதிங்க."

"கிறுக்கு பிடிச்சா?"

"கொட்டாதிங்கன்னா கொட்டாதிங்க."

இனி யாரிடம் கேட்பது? எங்கள் மகன் விபின் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு வீடியோ கால் போட்டுப் பெட்டியைக் காட்டினோம். நடந்ததைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, கொஞ்ச நேரம் எங்களுக்கு அவன் அறையின் விட்டம் மட்டும் தெரிந்தது. பிறகு எடுத்து விளக்கினான்.

"இது விஸ்கிதான். வேற பீப்பாயில கொறே வருசம் கிடந்து ஊறியிருக்கும். கடைசியா ஸ்வீட் வைன் இருந்த பீப்பாயில மாத்தி ஊத்தி வைப்பாங்க. அதத்தான் பினிஷ்னு எழுதியிருக்கு."

"அப்பம் வைன் கலந்திருக்கா?" என்று இவர் ஆவலாகக் கேட்டார். கொஞ்சமாவது வைன் இருந்தால் கமிட்டியில் சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பார்.

"இல்லப்பா. வைன எடுத்திட்டுதான் இத ஊத்துவாங்க. வைன் குடிச்ச மரம் இருக்கில்லியா, அதுக்க மணம் இதுல ஏறும்."

நான் குனிந்து போனுக்குள் முகத்தை விட்டேன். "எனக்கு ஏதோ வந்தது மக்கா. மூக்குக்கப் பின்னால."

அவன் சிரிப்பு நின்றது. "அம்மா, இத வைன் மாதிரி விழுங்கப்பிடாது. ரெண்டு சொட்டு வெள்ளம் விடு. வாயக் கொஞ்சம் தொறந்து வச்சிட்டு மணம் பிடி. பெறவு நாக்கு நனையிற அளவு மட்டும் வாயில வச்சு, வாய மூடி, மூச்ச மூக்கு வழியா மெதுவா விடு."

"இவ்வளவு வெவரம் உனக்கு எப்பிடில தெரியும்?"

பெங்களூரில் திடீரென்று நெட்வொர்க் கிடைக்காமல் போய்விட்டது. அதை அவன் கிறிஸ்துமஸுக்கு வரும்போது கவனித்துக்கொள்கிறேன்.

அவன் சொன்னபடியே இவர் ஒரு கரண்டியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். மோந்தேன். ஊசி குத்தியது, வேறொன்றுமில்லை. எனக்கு அழுகை முட்டியது. இவர் வழக்கமாகக் கேட்கிற "வல்லதும் வருதா"கூட இல்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

நாக்கு நனையும் அளவு வாயில் வைத்தேன். முதலில் இனித்தது, பிறகு குறுமிளகு கடித்ததுபோலச் சுட்டது. வாயை மூடிக்கொண்டு மூச்சை விட்டேன்.

வந்தது. பரணியின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்கும்போது முகத்தில் வந்து மோதுமே, அது. சீனிக்குள் திராட்சை வெடித்து, கிராம்போடு சேர்ந்து, துணியே ஊறிப்போய்க் கிடக்கிற அந்த மணம். கூடவே எங்கள் கோயிலின் பழைய பெஞ்சு மணமும் இருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. திரும்பவும் மூச்சை இழுத்தேன், இல்லை.

"பரணி" என்றேன்.

இவர் கிளாசை வாங்கி மோந்து பார்த்தார். "ஆமா ரெஜி. அந்தத் துணிக்க மணந்தான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பெட்ரோல் மணம் என்று சொல்லியிருந்தாலும் அன்றைக்கு இவர் ஆமா என்றுதான் சொல்லியிருப்பார். மூன்று வருட ஆசையில் என் மூளையே எனக்கு ஒரு பொய்யைப் பண்ணிக் கொடுத்திருக்கலாம். அதை இவரிடம் சொல்லவும் மனசு வரவில்லை.

குப்பி, அலமாரியில் பைபிளுக்குக் கீழ்த்தட்டில் இடம் பிடித்தது. யாராவது வந்தால் இவர் எழுந்துபோய் அலமாரிக்கு முன்னால் நின்றுகொள்வார். சாயங்காலம் மூடியைத் திறந்து நான் மோந்துவிட்டு மூடுவேன். குடிப்பதில்லை. சில நாள் பரணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடும். பல நாள் வராது. வராத நாளில் இவருக்குத்தான் ஏச்சு விழும். ரோஜாவையும் கிராம்பையும் மோந்தால் பழையபடி ஒன்றுமில்லை.

ஷரீஃப் அண்ணனுக்கு இவர் போனில் உண்மையைச் சொல்லிவிட்டார். மறுமுனையில் "யா அல்லாஹ்" என்ற சத்தம் எனக்கே கேட்டது. நான் போனைப் பிடுங்கினேன்.

"அண்ணே, விசனப்படாதிங்க. மருந்து கணக்குல சேத்துக்கிடுவோம்."

"நான் அறியாமச் செஞ்சது தங்கச்சி."

"அறிஞ்சிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டிங்க. நல்லவேள, அறியல்ல" என்றேன். நன்றி சொல்லும்போதுகூட எனக்குச் சத்தம் கூடித்தான் வரும், அன்றைக்கு வரவில்லை.

மழை விடாமல் பெய்த வாரம் அது. நனைந்த ஒட்டுப்பாலுக்கு வீரியம் இரட்டிப்பு என்பதைக் கருங்கல்லில் எல்லோரும் அறிவார்கள். அதில் ஒரு நாள் கடைக்குப் பெரிய லோடு வந்ததாம், சுமைக்காரர்கள் வராமல் இவரே மூட்டையைப் பிடித்து இறக்கினாராம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து, முறத்தில் பயறு புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மனசு முழுக்க, பயற்றில் இவ்வளவு கல்லைப் போட்டு விற்ற கடைக்காரன் மேல் இருந்தது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. நான் தலை நிமிரவில்லை.

"அங்கயே நில்லுங்க. நாறுது. குளிச்சிட்டு உள்ள வாங்க."

சொல்லி முடித்து இரண்டு கல்லை எடுத்து வெளியே எறிந்தேன். அப்புறம்தான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

முற்றத்தில் இவர் அப்படியே நின்றார். குடை ஒரு பக்கம் சரிந்து தோளில் மழை விழுந்தது.

"என்ன சொன்ன?"

"நாறுதுன்னு சொன்னேன்."

"எப்பிடி நாறுது?"

"செத்த பெருச்சாளிய வெயில்ல போட்டது மாதிரி நாறுது."

"இன்னொருக்க சொல்லு."

"நாறுகீங்க. கேட்டுதா? தெரு முழுக்க நாறுகீங்க."

இவர் குடையைக் கீழே போட்டார். முகத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டு முற்றத்து மழையில் நின்று கரைந்தார். சத்தமாகவே கரைந்தார். பக்கத்து வீட்டுக்காரி சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, நான் மறுபடியும் இவரை ஏசிவிட்டேன் என்று நினைத்து மூடிக்கொண்டாள்.

முறத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனேன். இவருடைய சட்டையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். குமட்டியது. ஒட்டுப்பால், வேர்வை, நனைந்த சாக்கு, அதற்கெல்லாம் அடியில் இவர் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. போகவில்லை, நின்றது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னேன், சத்தமாகத்தான் சொன்னேன். அந்தக் குப்பிக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பின்பக்கம் திரும்பினார்.

"எங்க போறிங்க?"

"குளிக்க."

"பெறவு குளிக்கலாம்" என்றேன். "இஞ்ச கொஞ்சம் நில்லுங்க."